பிஎச் இறங்கினால் முதலில் ஜன்னலைத் திறவுங்கள்: வீட்டு ரீஃப் தொட்டிக்குப் பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணே, பிஎச் 7.7லயே நிக்குது. பிஎச் ஏத்துற பவுடர் ஒண்ணு கடையில இருக்கு, வாங்கிப் போடவா?" மரைன் தொட்டி, அதாவது பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி, வைத்திருக்கும் பையன்கள் என்னைக் கூப்பிடும்போது பாதி நேரம் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். "வேண்டாம் தம்பி. முதல்ல ஹால் ஜன்னலைத் திறந்து வை, ராத்திரி பேசுவோம்" என்பேன். ராத்திரி கூப்பிடும்போது பல சமயம் 7.9 ஆகியிருக்கும்.

பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண். அது காய்ச்சல் மாதிரி. மாத்திரை போட்டால் சூடு இறங்கும், காய்ச்சல் எதனால் வந்ததோ அது உள்ளேயே இருக்கும். அதனால்தான் இதை நோய்க்குறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தொட்டியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

என் தொட்டி 200 லிட்டர். மதுரை தல்லாகுளம் பக்கம், மாடி வீடு, ஹாலில் இருக்கிறது. கல் பவளம் இல்லை. லெதர், மஷ்ரூம், ஜோயாந்தஸ் மாதிரி மென்பவளங்களும், பாறை முழுக்க ஊதா நிறக் கோரலைன் பாசியும், நத்தைகளும், ஒரு ஜோடிக் கோமாளி மீனும் இருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கம் போனால் யாராவது பவளத் துண்டோ பாறையோ எடுத்துத் தருவதாகச் சொன்னால் தொடாதீர்கள். கல் பவளங்கள் அத்தனையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அங்கே ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாகவே அறிவித்திருக்கிறார்கள். நம் வீட்டுத் தொட்டிக்காக அந்தக் கடலின் பவளத்திலும் பாறையிலும் கை வைக்கக் கூடாது.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவ்வளவுதான். உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு. வெப்பம் 25 முதல் 27 டிகிரி. பிஎச் 7.8 முதல் 8.4 வரை. கேஎச், அதாவது ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் சத்து), 7 முதல் 10 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். அம்மோனியா துளிகூட இருக்கக் கூடாது. இந்த வரம்புக்குள் எண் எங்கே இருந்தாலும் சரி, தினமும் அதே இடத்தில் நிற்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பிஎச் எப்போதும் 7.7, 7.8. மற்ற எல்லாம் சரி

மீட்டரைச் சந்தேகப்படுவதிலிருந்து தொடங்குங்கள். பேனா வடிவ மீட்டர்கள் மாதக்கணக்கில் அளவுதிருத்தம் செய்யாமல் கிடந்தால் 0.2, 0.3 சாதாரணமாகத் தப்பும். 7.0, 10.0 என்ற இரண்டு பஃபர் கரைசலிலும் வைத்துத் திருத்துங்கள். இதில் 10.0 கரைசல் சீக்கிரம் கெட்டுப்போகும், ஏனென்றால் அதுவும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் தன் பிஎச்சை இழக்கும். ஆகவே வேண்டிய அளவு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

மீட்டர் சரி என்றால் கேஎச் பாருங்கள். 6-க்குக் கீழே இருந்தால் மூன்றாவது தலைப்புக்குப் போங்கள். 7-க்கு மேல் இருந்தால் காற்றுதான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம்.

கணக்கு இதுதான். கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலமாகிப் பிஎச்சை இறக்கும். வெளிக்காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம் அளவில் இருக்கிறது. கதவு ஜன்னல் அடைத்து ஏசி ஓடும் அறையில் நாலு பேர் படுத்திருந்தால் அது 1000, 2000 என்று ஏறும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அறைக்காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் தொட்டியின் பிஎச் ஏறத்தாழ 0.3 இறங்கும். 420-க்கு 8.2 காட்டும் தண்ணீர் 840-க்கு 7.9, அதற்கும் இரண்டு மடங்குக்கு 7.6. உப்பும் கேஎச்சும் கால்சியமும் துளிகூட மாறியிருக்காது.

இதை நான் எண்ணாகப் பார்த்தது ஒரு சித்திரைத் திருவிழாவில். எதிர்சேவை பார்க்க ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று, ராத்திரி பதினோரு பேர் தொட்டி இருக்கும் ஹாலிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். வெக்கை தாங்காமல் அத்தை ஜன்னலை எல்லாம் அடைத்து ஏசியைப் போடச் சொன்னார். விளக்கு அணையும்போது 8.1 இருந்த பிஎச், மூன்று மணிக்கு எல்லோரும் எழுந்தபோது 7.6. லெதர் பவளம் சுருங்கி, மேல்தோல் மெழுகு பூசினாற்போல் இருந்தது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு கதவையும் பால்கனியையும் திறந்து வைத்து, மேஜை விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். ஏழு மணிக்கு 7.9. தண்ணீரில் ஒரு சிட்டிகை பவுடர் போடவில்லை.

உங்கள் வீட்டிலும் காற்றுதான் காரணமா என்று உறுதிசெய்ய டம்ளர் சோதனை போதும். இரண்டு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுங்கள். ஒன்றை ஹாலில் வைத்துச் சின்ன ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் குமிழ் விடுங்கள். மற்றதை மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து வைத்து, பேட்டரி ஏர் பம்ப்பால் அதே மாதிரி குமிழ் விடுங்கள். வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடாகி அளவு தப்பும். மாடி டம்ளர் 8.1-க்கு ஏறி ஹால் டம்ளர் 7.8-லேயே நின்றால் அறைக்காற்றுதான் குற்றவாளி. இரண்டுமே ஏறினால் அறைக்காற்று பரவாயில்லை, தொட்டியில்தான் காற்றோட்டம் போதவில்லை. வேவ்மேக்கரை (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பைக் கலக்குங்கள், மூடியைத் திறந்து வையுங்கள், ஸ்கிம்மரின் (குமிழ் விட்டு அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) காற்றுத் துவாரத்தில் உப்பு அடைத்திருக்கிறதா பாருங்கள். இரண்டுமே ஏறவில்லை என்றால் கேஎச்சையும் மீட்டரையும் மறுபடி பாருங்கள், அங்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது.

அறைக்காற்று என்று தெரிந்துவிட்டால், ஸ்கிம்மர் காற்று இழுக்கும் இடத்தில் ஏர் லைன் டியூப் மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விடுவதுதான் எனக்குத் தெரிந்ததில் மலிவான தீர்வு. முனையைக் கீழ்நோக்கி வளைத்து, எறும்பும் கொசுவும் போகாமல் வலைத்துணி கட்டுங்கள். முனை சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கேஸ் அடுப்பு எரிந்தாலே கரியமில வாயு வரும், தீபாவளிக்கு முறுக்குச் சுடும் நாட்களில் இது நன்றாகத் தெரியும். தெருவில் கொசுப்புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் டியூப்பைக் கழற்றி விடுங்கள். கொசு மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் விஷம். ஹாலில் கொசுவர்த்தியும் லிக்விட் மெஷினும் வேண்டாம் என்று நான் கறாராக இருப்பதும் அதனால்தான்.

கேஎச்சை ஏற்றிப் பிஎச்சை ஏற்றலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஎச்சை 7-லிருந்து 14-க்கு இரட்டிப்பாக்கினால்தான் பிஎச் 0.3 ஏறும். 7-லிருந்து 10-க்கு ஏற்றினால் 0.15 கிடைக்கும். அதற்குள் பவளம் படும் பாடு அதிகம்.

காலையில் 7.9, சாயந்திரம் 8.2

இது கோளாறே இல்லை. விளக்கு எரியும்போது பாசியும் பவளத்துக்குள் வாழும் நுண்பாசியும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், பிஎச் ஏறும். இரவில் எல்லா உயிரும் கரியமில வாயுவை மூச்சாக விடும், பிஎச் இறங்கும். விளக்குப் போடுவதற்குச் சற்று முன் மிகக் குறைவு, அணைப்பதற்குச் சற்று முன் மிக அதிகம். ஆகவே எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று எழுதி வைக்காத பிஎச் எண்ணால் பிரயோசனம் இல்லை.

ஏற்ற இறக்கம் 0.5-ஐத் தாண்டினால் கவனியுங்கள். ஒன்று கேஎச் குறைவாக இருக்கும், இல்லை முடிப்பாசி மண்டியிருக்கும். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து அதற்கு இரவில் விளக்குப் போட்டால் இரவு இறக்கம் மட்டுப்படும்.

கேஎச் நாளுக்கு நாள் இறங்குகிறது

இது பெரும்பாலும் நல்ல செய்தி. கோரலைன் பாசியும் நத்தையும் குழாய்ப்புழுவும் கால்சியம் கார்பனேட்டால்தான் தம் உடம்பைக் கட்டுகின்றன. அவை வளர்ந்தால் கேஎச் குறையத்தான் வேண்டும். எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் ஊற்றுவதுதான் ஆபத்து.

மூன்று நாள் எதுவும் சேர்க்காமல், ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். திங்கள் 8.6, வியாழன் 7.7 என்றால் நாளுக்கு 0.3. இதை ஈடுகட்ட நம் சமையலறையில் இருக்கும் ஆப்பசோடாவே போதும். சுத்தமான சோடியம் பைகார்பனேட்தானா என்று பாக்கெட்டில் பாருங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது ஆகாது. 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு நாளுக்கு 0.3 என்றால் 1.8 கிராம். நகை எடை போடும் சின்னத் தராசில் நிறுத்து, ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். தொட்டி லிட்டரைக் கணக்கிடும்போது பாறையும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்துவிடுங்கள்.

ஆப்பசோடா ஊற்றியதும் பிஎச் கொஞ்சம் இறங்கிப் பிறகு சரியாகும். ஏற்கெனவே பிஎச் தாழ்வாக இருக்கும் தொட்டிக்கு அதை வறுத்துப் போடலாம். அவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அது தண்ணீரையும் கரியமில வாயுவையும் விட்டுச் சோடியம் கார்பனேட் ஆகிவிடும். சரியாக மாறியதா என்று தெரிய எடை போட்டுப் பாருங்கள், 100 கிராம் வைத்தால் 63 கிராம்தான் மிஞ்ச வேண்டும். 70, 75 நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் வையுங்கள். வறுத்ததில் 1 டிகேஎச்சுக்கு 100 லிட்டருக்கு 1.9 கிராம் போதும், அது பிஎச்சையும் ஏற்றும். கடையில் விற்கும் சலவைச் சோடாவும் இதே பெயர்தான், ஆனால் துணி துவைப்பதற்கென்று வருவதைத் தொட்டியில் போடாதீர்கள்.

எப்படிச் சேர்த்தாலும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். 5-க்கு இறங்கிவிட்டது என்று பதறி ஒரே நாளில் 8-க்கு ஏற்றினால், இறங்கியதால் வந்த கெடுதலை விட ஏற்றியதால் வரும் கெடுதல் பெரிது. மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கால்சியமும் இதே விகிதத்தில் குறையும். 2.8 டிகேஎச் குறைந்தால் 20 பிபிஎம் கால்சியமும் போயிருக்கும். அதனால்தான் கேஎச் குறைவது மூன்று நாளில் தெரிகிறது, 420-ல் இருக்கும் கால்சியம் குறைந்தது தெரிய மாதம் ஆகிறது. என் கணக்குப்படி மாதம் 60 பிபிஎம் சொச்சம். ஈடுகட்ட, 100 லிட்டருக்கு 20 பிபிஎம் ஏற்ற 7.4 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்.

கேஎச் இறங்கியும் கால்சியம் அப்படியே நின்றால் நைட்ரேட்டை அளந்து பாருங்கள். மீன் கழிவு நைட்ரேட்டாக மாறும்போதும் ஆல்கலினிட்டி செலவாகும். 50 பிபிஎம் நைட்ரேட் சேர்ந்திருந்தால் 2 டிகேஎச்சுக்கு மேல் அதிலேயே போயிருக்கும். அங்கே தீவனத்தைக் குறைத்து, தண்ணீர் மாற்றுவதுதான் மருந்து.

எவ்வளவு ஊற்றினாலும் கேஎச்சும் கால்சியமும் நிற்கவில்லை, பம்ப்பில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கிறது

வெளியூர்க் குறிப்புகளில் ஹீட்டரைப் பார்க்கச் சொல்வார்கள். மதுரையில் ஹீட்டர் வைத்திருப்பவர் யார்? நீங்கள் ரிட்டர்ன் பம்ப்பை, அதாவது சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சுழலும் இம்பெல்லர்தான் தொட்டியில் சூடான இடம். அதன் காந்தத்தைச் சுற்றி, பழைய வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது மாதிரி வெள்ளைப் பொருக்கு இருந்தால், நீங்கள் ஊற்றியதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் சுண்ணாம்பாக அங்கே படிகிறது.

மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். 1200-க்குக் கீழே இருந்தால் விடை கிடைத்துவிட்டது. கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கல்லாக இறுகாமல் கரைந்தே இருப்பதற்கு மெக்னீசியம் முக்கியக் காரணம். சுண்ணாம்புப் படிகம் வளரத் தொடங்கும்போதே அதன் மேல் ஒட்டி வளர்ச்சியைத் தடுக்கும். அது குறைந்த தொட்டியில் கேஎச் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். 100 லிட்டருக்கு 50 பிபிஎம் ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 42 கிராம் வேண்டும். நாளுக்கு 100 பிபிஎம்முக்கு மேல் ஏற்றாதீர்கள். மெக்னீசியம் 1300-க்கு வந்த பிறகுதான் கேஎச்சையும் கால்சியத்தையும் தொட வேண்டும்.

மெக்னீசியம் சரியாக இருந்தும் படிந்தால், கேஎச் 11, 12 என்று ஓடுகிறதா, பிஎச் 8.5-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பம்ப்பைக் கழற்றி, தனி வாளியில் பாதி வினிகர் பாதித் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தால் பொருக்குக் கரைந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், வைத்தியம் வேறு வேறு. ஒரு டம்ளரில் எடுத்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளை மாவு படிந்தால், மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்த மாவின் மேல் ஒரு ஸ்பூன் வினிகர் விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் அது சுண்ணாம்பு. கேஎச் கரைசலையும் கால்சியம் கரைசலையும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் ஊற்றியிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள், நான் ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் ஊற்றுகிறேன். இப்போதைக்கு எல்லாச் சேர்ப்பையும் நிறுத்தி, ஒரு நாள் தெளியவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

மணிக்கணக்கில் படியாமல் கலங்கலாகவே இருந்தால் அது பாக்டீரியா. சர்க்கரையோ வினிகரோ வோட்காவோ விட்டு நைட்ரேட்டைக் குறைக்கப் போனவர்கள் அளவு மீறும்போது இப்படி ஆகும். பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், இரவில் மீன் செத்துப்போகும் அபாயம் உண்டு. உடனே ஏர் பம்ப் போடுங்கள், ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓடவிடுங்கள், தண்ணீரில் கால்வாசி மாற்றுங்கள்.

பிஎச் 8.6-ஐத் தாண்டிவிட்டது

பெரும்பாலும் சுண்ணாம்புத் தெளிவு நீர் கைமீறிப் போனதுதான். ஆவியான தண்ணீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விடுவது நல்ல முறை. கால்சியம், கேஎச், பிஎச் மூன்றையும் ஒன்றாகத் தூக்கிக்கொடுக்கும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அதே காரம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் அந்தத் தெளிவின் பிஎச் 12-க்கு மேல். மிதவை வால்வு சிக்கி ஒரே மூச்சில் இறங்கினால் தொட்டி தாங்காது.

அப்படி ஆனால் சொட்டை உடனே நிறுத்துங்கள். இங்கே மட்டும் ஜன்னலை மூடிக்கொள்ளலாம், அறைக்காற்றின் கரியமில வாயு இப்போது உங்கள் பக்கம். 8.6, 8.7 என்றால் காற்றுக் குமிழ் விட்டுக் காத்திருப்பதே போதும். அதற்கும் மேலே போய், பவளம் சளி விட ஆரம்பித்தால் சாதா சோடா உதவும். சர்க்கரை, எலுமிச்சை, பன்னீர் எதுவும் கலக்காத வெறும் சோடா. 100 லிட்டருக்கு 150 மில்லி விட்டால் ஏறத்தாழ 0.3 இறங்கும். முதலில் அதில் பாதியைச் சம்ப்பில் விட்டு, அரை மணி நேரம் பார்த்துவிட்டு மிச்சத்தை முடிவு செய்யுங்கள். புதுத் தொட்டியில் அம்மோனியா இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், பிஎச் 0.3 ஏறினால் அம்மோனியாவின் விஷப்பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்காது. உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். லிட்டருக்கு 2 கிராம் போட்டுக் கலக்கி, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுங்கள். கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை மூடி வையுங்கள், திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளை ஏடு படியும். அது காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாவது. ஏடு கனமாகப் படிந்த தெளிவில் சத்துக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லா எண்ணும் ஒரே சமயத்தில் குறைவு, அல்லது எல்லாமே அதிகம்

கேஎச், கால்சியம், மெக்னீசியம் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் மூன்றையும் மறந்துவிட்டு உப்பை அளந்து பாருங்கள். 35 பிபிடியில் 420 காட்டும் கால்சியம் 30 பிபிடியில் 360 காட்டும். உப்பைச் சரிசெய்தால் எல்லாம் தானாகச் சரியாகும். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பிபிடி திருத்தக் கரைசலில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் உப்பு ஏறுவதற்குக் காரணம் வெயில். கத்திரியில் தொட்டி மேல் விசிறி வைத்தால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் என் 200 லிட்டரில் நாளுக்கு 5 லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஒரே நாளில் 35 என்பது கிட்டத்தட்ட 36 ஆகிவிடும். ஆவியானதை எப்போதும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், சம்ப்பில் மார்க்கரால் கோடு போட்டு வைத்து, காலையும் மாலையும்.

மண்டபம் பக்கமிருந்து கடல்நீர் கொண்டுவருகிறவர்கள், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கரையோரத் தண்ணீரில் நன்னீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். கேனில் பிடிக்கும் முன்பே அங்கேயே அளந்து பாருங்கள். 150 கிலோமீட்டர் சுமந்துவந்த பிறகு தெரிந்தால் மனசு கேட்காது, ஊற்றிவிடுவீர்கள்.

கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலம், துடைத்தால் இரண்டு நாளில் மறுபடி

புதுத் தொட்டி என்றால் சில வாரத்தில் தானே போகும். பழைய தொட்டி என்றால் ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள். என் வீட்டில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளப்பது) 300 பக்கம் காட்டுகிறது, போர் தண்ணீர் 1400-ஐத் தாண்டுகிறது. போர் தண்ணீரை வீட்டு ஆர்ஓவில் விட்டு, வருவது நல்ல தண்ணீர்தானே என்று ஊற்றினால், அதில் தப்பிவரும் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் பாசிக்குத் தீனி. குடிநீர் ஆர்ஓக்களில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், அது ஆர்ஓவுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். தொட்டிக்குப் பிடிக்கும் லைனில் அதை மூடி, கடைசியில் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்று மாட்டுங்கள். மீட்டரில் பூஜ்யம் வர வேண்டும். 5-ஐத் தாண்டினால் ரெசின் மாற்றும் நேரம். 20 லிட்டர் கேன் தண்ணீர் குடிக்கத்தான் சரி.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள்: கரண்ட் போனது, மீன் மேலே வந்து வாய் திறக்கிறது

இது ஒன்றில்தான் அவசரம். காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் மதியம் இரண்டு மணியோ அதற்குப் பிறகோதான் வரும். பம்ப் நின்றதும் ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு சேரும், பிஎச் இறங்கும். மே மாதச் சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே குறைவு, நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும். இந்த நேரத்தில் பிஎச் பார்க்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள், தீனி போடாதீர்கள்.

பேட்டரி ஏர் பம்ப்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இருபது முப்பது குவளை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை மட்டும் அதில் இணைத்து வையுங்கள், விளக்கும் ஸ்கிம்மரும் காத்திருக்கலாம். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால், ஆர்ஓ தண்ணீரை உறைய வைத்த பாட்டிலை மூடி கழற்றாமல் சம்ப்பில் மிதக்க விடுங்கள், இரண்டு டிகிரிக்கு மேல் ஒரேயடியாக இறங்க விடாதீர்கள். பராமரிப்பு அறிவிப்பு முந்தின நாளே வந்துவிடும், இரவே நான்கு பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலையில் பதற்றமில்லை.

கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) வைத்திருப்பவர்கள் அதை அப்படியே ஓடவிடாதீர்கள். மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் உள்ளே அழுகியிருக்கும். குழாயைக் கழற்றி அந்தத் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். பிஎச்சை மறுநாள் காலை, விளக்குப் போடும் முன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.